வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

ஒரு வண்டி எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்பவர் பலர். அது எப்படி நிற்கும் என்று கேட்பவர் சிலரே. ஓட்டம் கண்ணைக் கவர்கிறது. நிறுத்தமோ உயிரைக் காக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த எவருக்கும் இவ்வுண்மையைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அவ்வளவு ஆழத்திற்கும் மனிதரை இறக்கியவை கம்பிவடத்தில் தொங்கிய கூண்டுகள். மேலே சுழலும் உருளையின் பிரேக்கு பிடித்தால்தான் கூண்டு நிற்கும். வடார்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் முன்னோரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர், கண்ணால் காணாத அந்தப் பிரேக்கை நம்பித்தான் நாள்தோறும் இறங்கினர், நம்பித்தான் ஏறினர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டுகள் நின்றன. அதன்பின் எங்கள் ஊரார் பலர் மாரிக்குப்பத்தில் விடியற்காலை இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். சிலர் ஆட்டோவும் வேனும் வாங்கி ஓட்டலாயினர். கூண்டு போய்ச் சக்கரம் வந்தது. ஆனால் உயிர் இன்னும் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது.

வண்டியோட்டிப் பிழைப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு குறை உண்டு: “பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது.” இக்குறை எதனால் உண்டாகிறது? அதன் காரணத்தை எவ்வாறு தேடிக் காண்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கலைப்பிரிவில் பயிலும் நண்பர்கள் அஞ்ச வேண்டா. ஒரே ஒரு பெருக்கல் கணக்கைத் தவிர வேறு கணக்கு இங்கே வராது.

இழுப்பு என்பது யாது?

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு மாடுகளும் ஒன்றாக நின்றால் வண்டி நேராக நிற்கும். வலப்பக்கத்து மாடு சட்டென நின்று, இடப்பக்கத்து மாடு இன்னும் இரண்டடி நடந்தால் என்ன ஆகும்? வண்டி வலப்பக்கமாகத் திரும்பும். நின்ற மாடு முளைபோல் ஆகிறது. நடந்த மாடு அதைச் சுற்றி வருகிறது. மோட்டார் வண்டியிலும் இதுவே நடக்கிறது. எந்தப் பக்கத்துப் பிரேக்கு மிகுதியாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும்.

இதை எண்ணால் அளந்து பார்ப்போம். முன்சக்கரங்கள் இரண்டிற்கும் இடையே 1.4 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். வலச்சக்கரத்தில் தடைவிசை 3000 நியூட்டன். இடச்சக்கரத்தில் 2000 நியூட்டன். வேறுபாடு 1000 நியூட்டன். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சக்கரம் 0.7 மீட்டர் தொலைவில் இருப்பதால், வண்டியைத் திருப்பும் திறன் 1000 × 0.7 = 700 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் ஒரு முனையைப் பொருத்திவிட்டு, மறுமுனையில் 70 கிலோ எடையுள்ள ஆளைத் தொங்கவிட்டால் அந்தக் கடப்பாரை எவ்வளவு முறுக்கும்! ஏறக்குறைய அந்த முறுக்கே வண்டியைத் திருப்பப் பார்க்கிறது. டயர்கள் சாலையைப் பற்றி நிற்பதாலும், ஓட்டுநர் தம்மை அறியாமலே எதிர்ப்பக்கம் திருப்புவதாலும்தான் வண்டி ஓரளவு நேராகச் செல்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டி, நல்ல சாலையில் அழுத்திப் பிரேக்குப் பிடித்தால் நிற்பதற்குச் சுமார் 23 மீட்டர் ஆகும். நேரம் மூன்று நொடிக்கும் குறைவு. அந்த 23 மீட்டரில் வண்டி தன் நேர்கோட்டிலிருந்து மூன்று பாகை விலகினாலே 1.2 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நம் நாட்டில் நாம் இடப்பக்கமாகச் செல்கிறோம். ஆகவே வலப்பக்கம் இழுத்தால் எதிரே வரும் வண்டி. இடப்பக்கம் இழுத்தால் சாலையோரம் நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும். 1.2 மீட்டர் என்பது ஒரு மனிதன் நிற்கப் போதுமான இடம் அன்றோ?

நோயும் உபாயமும்

எங்கள் தங்கவயலிலேயே இவ்விதிக்கு ஓர் அழகிய சான்று உண்டு. 1964இல் தொடங்கப்பெற்ற பெமல் நிறுவனம் மண்வாரி இயந்திரங்களையும் புல்டோசர்களையும் இங்கே உருவாக்கி வருகிறது. சங்கிலிப் பட்டைகளின்மேல் ஊரும் புல்டோசரைக் கூர்ந்து பாருங்கள். காரைப் போல இடமும் வலமும் திரும்பும் முன்சக்கரங்கள் அதற்கு இல்லை. பின் எவ்வாறு திரும்புகிறது? இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், கிளட்சும் பிரேக்கும் கொண்டு திரும்பும் வகைப் புல்டோசரில், இடப்பட்டைக்குச் செல்லும் ஆற்றலைத் துண்டித்து அப்பட்டைக்குப் பிரேக்கு இடுகிறார்கள். வலப்பட்டை தொடர்ந்து ஓடுகிறது. உடனே அத்தனை பெரிய இயந்திரம் இடப்பக்கம் சுழல்கிறது.

புல்டோசரில் உபாயமாக இருப்பது வேனில் நோயாகிறது. விதி ஒன்றே. வேண்டுமென்று ஒரு பக்கம் பிடித்தால் அது திருப்பம். வேண்டாமல் பிடித்தால் அது விபத்து.

நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடிப்பது எப்படி?

தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் கம்பியும் நெம்புகோலும் கொண்டு பிரேக்கை இழுத்தனர். ஒரு கம்பி சற்றுத் தளர்ந்தாலும் ஒரு சக்கரம் பிந்தும், வண்டி இழுக்கும். இத்தொல்லையைத் தீர்க்கப் பயன்பட்டது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி: அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடங்களுக்கும் குறையாமல் பரவும். மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் இவ்விதியை வண்டிக்குப் பயன்படுத்தி 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் வெளிவந்த டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் நீர்ம அழுத்தப் பிரேக்கு பொருத்தப்பட்டது.

நாம் மிதியை அழுத்தும்போது பிரேக்கு ஆயில் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. டிஸ்க் பிரேக்கில் அவ்வழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடுகளைத் தட்டோடு அழுத்துகிறது. டிரம் பிரேக்கில் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பற்றுகின்றன. ஆகவே அழுத்தம் இரு பக்கமும் சமமாகவே புறப்படுகிறது. பிடிப்பு மட்டும் சமமாக இல்லையென்றால், வழியிலோ சக்கரத்திலோ ஏதோ ஒன்று தடுக்கிறது என்பது தெளிவு.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பிரேக்குப் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. 1200 கிலோ வண்டி அழுத்தி நிற்கும்போது, பின்சக்கரங்களிலிருந்து சுமார் 180 கிலோ பாரம் முன்சக்கரங்களுக்கு மாறும். அதனால் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன்சக்கரங்களுடையது. வண்டி பலமாக இழுக்கிறதென்றால் முதலில் முன்னே தேடுவதே முறை.

வேலை செய்பவனுக்கே பழி

எங்கள் லைன் வீடுகளில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வேன் ஒன்றை ஓட்டி வந்தார். பிரேக்கை மிதித்தால் வேன் வலப்பக்கம் இழுத்தது. பழுது பார்க்குமிடம் ஒன்றில் சக்கரச் சீரமைப்பு இருமுறை செய்தார்கள், குறை தீரவில்லை. முன்டயர் இரண்டும் புதிதாக மாற்றினார்கள், தீரவில்லை. வலப்பக்கம்தானே இழுக்கிறது என்று வலப்பக்கத்துப் பேடுகளை மாற்றினார்கள்; இழுப்பு முன்னிலும் அதிகமாயிற்று! ஒரு மாத வருமானம் கரைந்தது. பதினான்கு பிள்ளைகள் நாள்தோறும் அதே வேனில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பின்னர், சுரங்கப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் வேனைக் கொண்டுபோனோம். அவர் எதையும் கழற்றவில்லை. “அஞ்சு மைல் ஓட்டிட்டு வா, பிரேக்கை நல்லா புடிச்சுப் புடிச்சு ஓட்டு” என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்ததும் முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தார். வலச்சக்கரம் அனல் வீசியது. இடச்சக்கரம் குளிர்ந்து கிடந்தது. பெரியவர் சிரித்தார்.

“தம்பி, வலப்பக்கம் இழுக்குதுன்னா வலப்பக்கத்துக்காரன் ஒழுங்கா வேலை செய்யறான்னு அர்த்தம். வேலை செய்யாதவன் இடப்பக்கம் ஒளிஞ்சிருக்கான். நீங்க எல்லாரும் வேலை செய்யறவனையே புடிச்சு அடிச்சிருக்கீங்க.”

இடப்பக்கத்துக் காலிப்பரைக் கழற்றினார். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து அசையாமல் இறுகியிருந்தது. புதுப் பேடு போட்ட வலப்பக்கம் மேலும் நன்றாகப் பிடித்ததால்தான் இழுப்பு மிகுந்தது. காரணம் ஒரு பக்கம், அறிகுறி மறுபக்கம். இதுவே இக்குறையை ஆராய்வதில் உள்ள சூட்சுமம்.

ஆனால் இதையே மாறாத விதியாகக் கொள்ளலாகாது. சில வேளை இழுக்கும் பக்கமே குற்றவாளியாக இருக்கும். மிதியை விட்ட பின்னும் வலச்சக்கரத்துப் பிரேக்கு விடாமல் உரசிக்கொண்டிருந்தால், அப்போதும் வண்டி வலப்பக்கம் இழுக்கும். அது சோம்பேறியின் குற்றம். இது பிடிவாதக்காரனின் குற்றம். இருவரையும் பிரித்தறிவது எப்படி?

ஐந்து கேள்விகள்

கருவியைக் கையில் எடுக்குமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஆளில்லாத, சமமான, உலர்ந்த சாலையில் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்டி, திருப்புசக்கரத்தை லேசாகப் பிடித்துக்கொண்டு சோதித்தால் போதும். கையை முழுதும் விட்டுவிடக் கூடாது.

முதற் கேள்வி: பிரேக்கு இடாதபோதும் இழுக்கிறதா? இழுத்தால் முதலில் டயரின் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் உருளத் தயங்கும். அப்பக்கம் வண்டி சாயும். இருபக்க டயர்களும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்பதையும் பாருங்கள். அடுத்தது சக்கரச் சீரமைப்பு. நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வண்டி சற்றே இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு என்பதையும் மறவற்க. காற்று நிரப்பச் சில ரூபாய். பேடு மாற்றச் சில ஆயிரம். எளியதை முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

இரண்டாம் கேள்வி: பிரேக்கு இட்டால் மட்டும் இழுக்கிறதா? அப்படியானால் காற்றும் சீரமைப்பும் பெரும்பாலும் குற்றமற்றவை. பிரேக்கையும் முன்பக்கச் சஸ்பென்ஷனையும் ஆராய வேண்டும்.

மூன்றாம் கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தானா? மிதித்த நொடியில் ஒரு பக்கம் வெட்டி, பிறகு நேராகி, விட்டதும் மறுபக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்திற்குச் செல்லும் ரப்பர்க் குழாய் உள்ளே ஊறி அடைபட்டிருக்கலாம். வெளியே புதிதுபோல் தோன்றும் குழாயும் உள்ளே வீங்கியிருக்கும். ஆயில் மெல்லப் போய் மெல்லத் திரும்புவதால் அச்சக்கரம் பிந்திப் பிடிக்கிறது, பிந்தி விடுகிறது. ஒரு முறை இடமும் மறுமுறை வலமுமாக மாறி மாறி இழுத்தால், தளர்ந்த மூட்டுகளைத் தேடுக.

நான்காம் கேள்வி: இழுக்கும்போது ‘கடக்’ என்று ஒலி கேட்கிறதா? கேட்டால் சஸ்பென்ஷன் கையின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். பிரேக்கு இட்டதும் அச்சக்கரம் பின்னே நகர்ந்து தன் திசையை மாற்றிக்கொள்கிறது. பிரேக்கு நன்றாக இருந்தும் வண்டி இழுப்பது இதனால்தான்.

ஐந்தாம் கேள்வி: எந்தச் சக்கரம் சூடு, எந்தச் சக்கரம் குளிர்? பெரியவர் செய்த சோதனை இதுதான். பிரேக்குப் பிடித்து ஓட்டி வந்தபின் ஒரு சக்கரம் மட்டும் குளிர்ந்திருந்தால் அது சோம்பேறி. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்தும் ஒரு சக்கரம் கொதித்தால், தீய்ந்த வாடை வீசினால், அது பிடிவாதக்காரன். வெப்பத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது, தோல் வெந்துவிடும். அருகே கையை நீட்டினாலே போதும். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நன்று.

சக்கரத்தைத் தூக்கிய பின்

இனிச் செய்வது தேர்ந்த கைகளின் வேலை. எனினும் என்ன செய்கிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கியும் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் புகலாகாது.

ஒருவர் பிரேக்கை மிதித்து விட, மற்றவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கட்டும். விட்ட பின்னும் சக்கரம் இறுகியே இருந்தால், காலிப்பரில் உள்ள காற்று வெளியேற்றும் சிறு திருகைச் சற்றுத் தளர்த்துவார்கள். ஆயில் கசிந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். குற்றம் பெரும்பாலும் ரப்பர்க் குழாயில். அப்போதும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் ஊசியோ இறுகிவிட்டது. ஒரு சிறு திருகு எத்தனை பெரிய ஐயத்தைத் தீர்க்கிறது பாருங்கள்!

பேடுகளும் சாட்சி சொல்லும். உட்பேடு தேய்ந்து வெளிப்பேடு தேயாமல் இருந்தால், காலிப்பர் நகரும் ஊசிகள் துருவாலோ தூசியாலோ சிக்கியுள்ளன. பேட்டில் எண்ணெயோ கிரீசோ பட்டிருந்தால் அது தட்டைப் பற்றாமல் வழுக்கும். வண்டி மறுபக்கம் இழுக்கும். கசிவை நிறுத்தாமல் பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் சில நாளில் பாழாகும். மேலும், ஒரு பக்கத்துப் பேடுகளை மட்டும் மாற்றுவது தவறு. ஒரே அச்சின் இருபக்கப் பேடுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் நோயைத் தீர்க்கப் போய் நோயை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

துருவுக்கு மூலம் எது? பிரேக்கு ஆயில் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 வகைப் புது ஆயில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 155 பாகை. ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்குகிறது, பிஸ்டனும் துருப்பிடிக்கிறது. ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுதல் நலம். எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் முத்திரைகள் ஊதிப்போய் எல்லாச் சக்கரங்களும் கெடும்.

தூசியைப் பற்றி ஒரு சொல். பிரேக்குத் தூசியை வாயால் ஊதியோ காற்றடித்தோ நீக்குவது தீமை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைத் தங்கவயல் நன்கறியும். பாறைத் தூசியால் வந்த சிலிக்கோசிஸ் நோயில் இருமி இருமி மாண்டவர்களின் ஊர் அது.

“எங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது, எங்களுக்கு என்ன கவலை?” என்று சிலர் கேட்கக்கூடும். அச்சாதனம் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கிறது. மிகையான அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. துருவேறி இறுகிய பிஸ்டனை அசைக்க அதனாலும் ஆகாது. இன்னொரு எச்சரிக்கை: பல கார்களில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே குழாய்த் தொடரில் இணைந்திருக்கும். ஒரு தொடரில் கசிவு ஏற்பட்டால் மிதி ஆழமாக இறங்கும். வண்டியும் பலமாக இழுக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குச் செல்வதும் ஆபத்தே.

நமக்கென்ன?

நண்பர்களே, நம்மில் பலரிடம் கார் இல்லை. ஆயினும் கல்விச் சுற்றுலாவுக்கு வாடகை வேன் பிடிக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போக நால்வர் சேர்ந்து வண்டி அமர்த்துகிறோம். அடுத்த முறை ஓட்டுநரின் அருகில் அமர்ந்தால் அவர் கைகளைக் கவனியுங்கள். பிரேக்கு இடும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பக்கமாகத் திருப்பிச் சமாளிக்கிறாரென்றால் அந்த வண்டி நோயுற்றிருக்கிறது. அவர் பழகிவிட்டார், அதனால் அவருக்குத் தெரிவதில்லை. மழைநாளில், திடீரென ஒரு குழந்தை குறுக்கே ஓடும் நொடியில், அந்தப் பழக்கம் துணைக்கு வராது. அண்ணே என்று அன்போடு அழைத்து எடுத்துச் சொல்லுங்கள். இங்கே கூறிய ஐந்து கேள்விகளையும் சொல்லுங்கள். வாடகை வண்டி ஓட்டுபவர் வீண் செலவுக்கு அஞ்சியே பழுதைத் தள்ளிப்போடுகிறார். எங்கே தேடுவது என்று தெரிந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் பழுதும் உடனே நீங்கும்.

எங்கள் லைனில் அந்த வேன் இப்போது நேராக நிற்கிறது. காலிப்பருக்கு ஆன செலவு, இரண்டு டயருக்கு ஆனதை விடக் குறைவு. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கற்கும் முறையும் பெரியவரின் முறையும் வேறல்ல: முதலில் கேள்வி, அடுத்து அளவு, பிறகே கருவி. இம்முறையை நம் தாய்மொழியில் எடுத்துச் சொன்னால் பட்டறையில் நிற்கும் தம்பிக்கும் விளங்கும். வண்டியில் ஏறும் பிள்ளைக்கும் உயிர்க்காவல் ஆகும்.